கொல்லைக் காயை வினிகரில் ஊறப்போடுவது எப்படி? முதலில் பாட்டிலில் உள்ள சதவீதத்தைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவில் வத்தல் பேச்சுக்கே இடமில்லை. காலையில் வெயில் அடிக்கிறதே என்று மாடியில் முறத்தை வைத்தால் மத்தியானத்துக்குள் தூறல் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆடிப் பட்டத்தில் போட்ட கொத்தவரையும் வெண்டையும் மிளகாயும் மழை பார்த்துக் காய்ப்பதில்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, சாம்பாரில் போட்டு, பொரியல் பண்ணி, அப்படியும் கூடையில் கிடக்கும். அந்த மிச்சக் காய்க்குத்தான் இந்தச் செய்முறை. வினிகரும் உப்பும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, பழையதுக்கும் தயிர்சாதத்துக்கும் கடித்துக்கொள்ளலாம்.

எண்ணெய் ஊறுகாய் போட்டுப் பழகியவர்கள் இதையும் அதே கைப்பக்குவத்தில் போட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். அது சரிவராது. மாங்காய், எலுமிச்சை, நாரத்தை எல்லாம் தன் புளிப்பைத் தானே கொண்டுவருகிறவை. கொத்தவரைக்கும் கேரட்டுக்கும் வெள்ளரிக்கும் சொந்தப் புளிப்பு கிடையாது. நாம் ஊற்றுகிற வினிகர் ஒன்றுதான் அவற்றுக்குக் காவல். காரத்தையும் இனிப்பையும் உங்கள் இஷ்டத்துக்குக் கூட்டுங்கள், குறையுங்கள். வினிகரை மட்டும் கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

தேவையானவை

சுத்தம் செய்து நறுக்கிய காய் 1 கிலோ. 4 சதவீத அமிலம் உள்ள வெள்ளை வினிகர் 500 மில்லி, தண்ணீர் 300 மில்லி, உப்பு 35 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி. பூண்டு பத்துப் பல், மிளகு ஒரு தேக்கரண்டி, கடுகு ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் நாலு. வெந்தயம் பத்துப் பன்னிரண்டு விதைக்கு மேல் வேண்டாம், கசப்பு இறங்கிவிடும். தை மாதம் சந்தைக்கு மாங்காய் இஞ்சி வரும்போது ஒரு துண்டு சீவிப் போடுங்கள். அந்த வாசனைக்கு ஈடாக வேறு எந்த மசாலாவும் கிடையாது என்பது என் கட்சி.

பாத்திரம்

கும்பகோணத்துப் பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. வினிகர் உலோகத்தை அரித்துத் தண்ணீரில் இறக்கிவிடும். காய்ச்ச எவர்சில்வர், ஊறவைக்கக் கண்ணாடி. பாட்டியின் பீங்கான் ஜாடி ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் நான் வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். உள்ளே காய் மூழ்கியிருக்கிறதா, மிதக்கிறதா என்று மூடியைத் திறக்காமலே தெரியும். பழைய ஜாடியில் மேல்பூச்சு விரிசல் விட்டிருந்தால் அதைக் கழுவிச் சுத்தம் பண்ணவும் முடியாது. தகர மூடி வேண்டாம், வினிகர் ஆவியில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி போதும்.

ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல் உப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை.

வினிகர் கணக்கு

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் பெரும்பாலும் வினிகரும் தண்ணீரும் சரிபாதி என்று போட்டிருக்கும். அவர்கள் கையில் இருப்பது 5 சதவீத வினிகர். அதைச் சரிபாதி தண்ணீரில் கலந்தால் கரைசலில் 2.5 சதவீத அமிலம் நிற்கும். நம்மூர் மளிகைக்கடையில் கிடைக்கிற வெள்ளை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம்தான். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதையும் சரிபாதி கலந்தால் 2 சதவீதத்துக்கு இறங்கிவிடும். போதாததற்குக் காயும் தன் பங்குக்குத் தண்ணீர் விடும். அதே 2.5 சதவீதம் வேண்டுமென்றால் 4 சதவீத வினிகர் ஐந்து பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு. மேலே 500க்கு 300 என்று கொடுத்தது அதனால்தான்.

இந்த அரை சதவீதத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். கொல்லைக் காய் மண்ணில் கிடந்து வருவது. மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் அது முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு இருப்பது மணத்திலும் ருசியிலும் தெரியாமலே போகலாம். புளிப்பைக் காட்டுகிற பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தால் அந்த நுண்ணுயிர் வளராது. ஆய்வகச் சாமான் விற்கிற கடைகளில் பிஎச் தாள் கிடைக்கும். இரண்டு நாள் ஊறியதும் ஒரு துண்டுக் காயை நசுக்கி அந்தச் சாற்றில் தாளை நனைத்துப் பாருங்கள். தாள் துல்லியமாகக் காட்டாது என்பதால் 4 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் எனக்கு மனசு ஆறும். இந்தக் கணக்கில் கலந்தால் வரும்.

வீட்டில் புளிக்கவைத்த வினிகர், சதவீதம் போடாத கேனில் வருகிற வினிகர், தரை துடைக்க விற்கிற வினிகர் மூன்றும் இதற்கு வேண்டாம். 'சிந்தெடிக்' என்று போட்டிருக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து தயாரித்ததை அப்படிக் குறிப்பிட்டு விற்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஊறுகாய்க்கு அது தாராளமாகப் போதும். ஆப்பிள் வினிகர் விலையும் அதிகம், காயின் நிறத்தையும் மங்கவைக்கும்.

உப்பும் தண்ணீரும்

வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்குப் பஞ்சமில்லை. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு அள்ளிய ஊர். கல் உப்பையே எடுங்கள். கட்டி தட்டாமல் இருக்கத் தூள் உப்பில் சேர்க்கிற பொருள் கரைசலைக் கலங்கலாக்கும். கல் உப்பின் அடியில் மண் தங்கும், கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டால் போகிறது.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தக் கடினத் தண்ணீரை ஊற்றாதீர்கள், கலங்கலும் வரும், புளிப்பையும் கொஞ்சம் அடக்கும். கொள்ளிடம் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ காய்ச்சி ஆறவைத்தது நல்லது.

செய்முறை

1. காயைப் பறித்த அன்றே போடுங்கள். இரண்டு நாள் வாடிய வெள்ளரிப்பிஞ்சு எத்தனை வித்தை செய்தாலும் மொறுமொறுப்பாக வராது. வெள்ளரியில் பூ இருந்த முனையை ஒரு நகக்கண் அளவுக்கு வெட்டி எறியுங்கள். காயை இளக்குகிற நொதி அந்த முனையில்தான் அதிகம்.

2. வெள்ளரி, முள்ளங்கி, கேரட் இவற்றை நறுக்கி, ஒரு கைப்பிடி உப்பும் ஐஸ்கட்டியும் போட்டுப் பிசறி இரண்டு மணி நேரம் வையுங்கள். அடியில் தேங்குகிற தண்ணீரைக் கொட்டி, காயை ஒருமுறை அலசி வடித்துவிடுங்கள். இந்தத் தண்ணீர் முன்னாலேயே வெளியேறினால்தான் பாட்டிலுக்குள் வினிகரின் பலம் குறையாது. மேலே சொன்ன 35 கிராம் உப்பில் இது சேராது.

3. கொத்தவரங்காயையும் பீன்ஸையும் கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து உடனே குளிர்ந்த நீரில் போடவும். வெண்டைக்காய் விரல் நீளப் பிஞ்சாக, முழுசாகத்தான் போட வேண்டும். நறுக்கினால் பாட்டில் முழுக்கக் கொழகொழப்பு. கத்தரிக்காயை இரும்பு அரிவாள்மணையில் நறுக்கினால் கறுக்கும், இதற்கு மட்டும் எவர்சில்வர் கத்தி எடுங்கள்.

4. பச்சை மிளகாய்க்குத் தனிப் பத்தி வேண்டும். முழு மிளகாய்க்குள் காற்று இருக்கிறது. அப்படியே போட்டால் தக்கை மாதிரி மேலே மிதக்கும், உள்ளே வினிகர் போகவே போகாது. வெளித்தோல் புளிக்கும், உட்புறம் பச்சையாகவே கிடக்கும். ஒவ்வொன்றையும் காம்புக்குக் கீழே ஆரம்பித்து நுனி பிரியாமல் நீளவாக்கில் கீறி, விரலால் லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி அப்புறம் அடுக்குங்கள். கையில் முன்கூட்டியே நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் எரிச்சல் தெரியாது. கோவைக்காய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் இப்படி ஒரு கீறல் நல்லதுதான்.

5. பாட்டிலைக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, சூட்டோடு துணியில் கவிழ்த்து வையுங்கள். ஆறிய பாட்டிலில் கொதிக்கிற கரைசலை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

6. வடிகட்டிய உப்புத் தண்ணீர், வினிகர், சர்க்கரை மூன்றையும் அடுப்பில் வைத்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவி கண்ணைக் கரிக்கும்.

7. மசாலாவை அடியில் போட்டு, காயை நெருக்கமாக அடுக்கி, சூடான கரைசலைக் காய் மூழ்க ஊற்றுங்கள். மேலே அரை அங்குலம் விடுங்கள். ஒரு மரக்குச்சியைப் பாட்டிலின் ஓரமாக விட்டு அசைத்தால் இடுக்கில் நிற்கிற குமிழ்கள் மேலே வரும், மட்டம் இறங்கும். மறுபடி கரைசலை ஊற்றுங்கள். இதைச் சோம்பல் பார்க்காமல் செய்யுங்கள். கரைசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற துண்டில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

8. ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெங்காயம் மறுநாளே சாப்பிடலாம். கொத்தவரைக்கும் மிளகாய்க்கும் ஒரு வாரம் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஈரக் கரண்டி ஆகாது என்பதை ஊறுகாய் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்தவர்கள் கேட்டவை சில.

பூண்டு நீலமாகிவிட்டது என்று பதறி ஒரு தங்கை படம் அனுப்பியிருந்தார். பூண்டில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் வினைபுரிவதால் வருகிற நிறம் அது. சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது.

மொறுமொறுப்புக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று மன்னார்குடியிலிருந்து ஒரு அக்கா. சுண்ணாம்புத் தெளிநீர் காயை இறுக்கும், உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு காரம், வினிகர் அமிலம். காயில் சுண்ணாம்பு தங்கினால் இத்தனை கணக்குப் போட்டுச் சேர்த்த புளிப்பை அது தின்றுவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் உணவுக்கென்று விற்கிற சுண்ணாம்பாக வாங்கி, பிறகு காயை நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கொட்டுவதை மூன்று தடவை செய்யுங்கள். நான் போடுவதில்லை, ஐஸ் போதும்.

மேலே நல்லெண்ணெய் ஊற்றலாமா என்றும் பலர் கேட்டார்கள். வேண்டாம். இங்கே காப்பது அமிலம், எண்ணெய்க்கு வேலையே இல்லை.

ஃபிரிட்ஜ் இல்லாமல் அலமாரியில் வைக்க முடியுமா? இந்தச் செய்முறைக்கு முடியாது. பாட்டிலோடு கொதிநீரில் வைத்துக் காற்றுப்புகாமல் மூடுவது தனி முறை. அதற்கென்று சோதித்த அளவும் நேரமும் வேண்டும், அதற்கான மூடியும் வேண்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், சில மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. கரைசலில் குமிழ் கிளம்பினாலோ காய் வழுவழுத்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

காய் தீர்ந்ததும் மிஞ்சுகிற கரைசலில் அடுத்த ஈடு காயைப் போடாதீர்கள். முதல் காய் விட்ட தண்ணீர் கலந்து அதன் பலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்கிட வழியில்லை. பச்சை வெங்காயச் சாலட்டில் ரெண்டு கரண்டி ஊற்றலாம், வறுவலுக்கு மீன் பிரட்டும்போது எலுமிச்சைக்குப் பதிலாகச் சேர்க்கலாம். வஞ்சிரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது, உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.