கறிக்கு நாலு, தம்ளருக்கு நாற்பது: வீட்டு மருந்தில் நாம் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் என் அத்தை வீட்டுக் கிணற்றடியில் ஒரு பிலிம்பி மரம் நிற்கிறது. அங்கே அதைப் புளிச்சிக்காய் என்பார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் இரும்பன்புளி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும், ஒரு குடும்பத்தால் தின்று தீர்க்க முடியாது. சாளைக் கறிக்கு நாலு காய் போட்டால் புளி கரைக்க வேண்டாம். கொஞ்சம் ஊறுகாய்க்குப் போகும். மிச்சத்தை வைத்துக் குத்துவிளக்கு தேய்ப்பார்கள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா பை நிறையக் காய் கேட்டு வந்தார். எதற்கென்று கேட்டால், "கொழுப்பைக் கரைக்குமாம் மக்கா, பிழிஞ்சு வெறும் வயித்துல ஒரு தம்ளர் குடிக்கணுமாம்" என்றார். அத்தையும் பறித்துக் கொடுக்கத்தான் போனார். நான் தடுத்ததற்கு இரண்டு பேருமே முகம் சுளித்தார்கள்.

தடுத்ததற்குக் காரணம் இருந்தது. பிலிம்பியின் புளிப்பில் பெரும்பங்கு ஆக்சாலிக் அமிலம். கறியில் நாலு காய் என்றால் உடம்பு அதைச் சமாளித்துவிடும். முப்பது நாற்பது காயைப் பிழிந்து ஒரே மூச்சில் குடித்தால், அந்த அமிலம் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து நுண்ணிய படிகமாகி, கிட்னியின் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். பக்கத்திலுள்ள கேரளத்தில் இப்படிப் பிலிம்பிச் சாறு குடித்துத் திடீரென்று கிட்னி செயலிழந்த 10 பேரைப் பற்றி 2013இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் கட்டுரை வந்தது. அதில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. விஷக்காய் எதையும் அவர்கள் தின்றுவிடவில்லை. நாம் வாரம் ஒருமுறை கறியில் போடுகிற அதே காய்தான்.

சமையலறைச் செடிகளில் நாம் செய்யும் பாதித் தவறுகள் இந்த வகை. கறியில் இருந்ததைத் தம்ளருக்கு மாற்றுகிறோம். பாகற்காய்ப் பொரியல் பாகற்காய்ச் சாறாகிறது, ரசத்துப் பூண்டு வெறும் வயிற்றில் ஆறு பல்லாகிறது. "இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" என்று வேறு சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையின் ஒரு துண்டு விழுந்ததுதான் பொற்றையடிப் பக்கத்து மருந்துவாழ் மலை என்பது நம் ஊர் ஐதீகம். அந்த மலை நிழலில் வாழ்வதாலோ என்னவோ, இந்த மாவட்டத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் தெரியும். அளவு தெரிந்தவர்தான் குறைவு.

மஞ்சளைப் பாருங்கள். நூறு கிராம் மஞ்சள்தூளில் குர்குமின் என்ற சத்து ஏறக்குறைய மூன்று கிராம்தான் இருக்கும். அதையும் உடம்பு சுலபத்தில் உள்ளே எடுத்துக்கொள்வதில்லை. கூடவே நல்லமிளகு சேர்ந்தால் கதை வேறு. மிளகிலுள்ள பைப்பரின், குர்குமின் இரத்தத்தில் சேரும் அளவைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. பாலில் மஞ்சளோடு ரெண்டு மிளகைத் தட்டிப் போட்ட பாட்டிமாருக்கு ஆய்வு எதுவும் தெரியாது, ஆனால் செய்முறை சரி. தவறு எங்கே வருகிறது என்றால், அந்த இரண்டையும் செறிவாக்கி மாத்திரையில் அடைத்து, மாதக்கணக்கில் விழுங்கும்போது. 2019இல் இத்தாலியில் அப்படிப்பட்ட குர்குமின் மாத்திரை சாப்பிட்ட பலருக்கு ஈரல் பாதிப்பு வந்து, அரசே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. இன்னொன்று, மிளகு மஞ்சளை மட்டும் பார்த்து உதவி செய்வதில்லை. வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகளின் அளவையும் அது இரத்தத்தில் ஏற்றிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மஞ்சள், பூண்டு இரண்டையும் சாப்பாட்டு அளவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று என்றால் பூண்டு வைத்தியம் செய்வதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பூண்டை அரைத்துத் தோலில் கட்டுவது தனித் தவறு. மூட்டுவலிக்கென்று இரவு முழுக்க வைத்துக் கட்டி, காலையில் கொப்புளத்தோடு எழுந்தவர்கள் உண்டு. பச்சைப் பூண்டு தோலை நெருப்பு சுட்டதுபோலப் புண்ணாக்கும்.

இனிப் பச்சைக் குழந்தைகள். இங்கேதான் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் வரும்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது என்று தேனைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர் நமக்கு. "சுத்தத் தேன்தானே, கூட்டிலிருந்து எடுத்தது" என்பதுதான் வாதம். பிரச்சினை கலப்படத்தில் இல்லை. எவ்வளவு சுத்தமான தேனிலும் குளோஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். வளர்ந்தவர் குடலில் அவை முளைக்காது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அழுகை மெலியும், பால் உறிஞ்ச முடியாது, உடம்பு துவண்டு போகும், மூச்சு வரை பாதிக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. ஆகவே ஒரு வயது வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம்.

அடுத்தது உரைமருந்து. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று கல்லில் இழைத்துக் குளித்தபின் புகட்டுவது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருளைக் காரணம் காட்டி 1968இலேயே அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். சாதிக்காய் அளவு மிஞ்சினால் மயக்கமும் படபடப்பும் தரும். கல்லில் ரெண்டு இழை என்பதும் ஓர் அளவா? ஒருவர் அழுத்தும் கைக்கும் இன்னொருவர் கைக்கும் எவ்வளவோ வித்தியாசம். மருந்து கொடுத்த அன்று "பிள்ள நல்லா உறங்குது" என்று வீடே சந்தோஷப்படும். வயிறு சரியாகி வந்த உறக்கமா, மருந்து கொடுத்த மயக்கமா என்று யாரும் கேட்பதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது உரைமருந்தையும் சேர்த்துத்தான்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பனிக்கூர்க்கை. மற்ற ஊர்களில் கற்பூரவள்ளி, ஓமவல்லி. நம் மேற்குப் பகுதிகளில் பனி என்றால் காய்ச்சல், அதனால் இந்தப் பெயர். இலையைத் தீயில் வாட்டிப் பிழிந்து சில சொட்டு கொடுப்பார்கள். சாதாரணத் தடிமனுக்கு இதில் பெரிய கெடுதல் இல்லை, எங்கள் வீட்டிலும் சன்னல் ஓரத் தொட்டியில் நிற்கிறது. இலையைப் பிழிந்துகொண்டே மூன்று நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. சட்டையைக் கழற்றி, குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்டதற்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு குழிந்தாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். இலையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் அது. ஆவி பிடிக்கவும் குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். கொதிக்கும் பானை சரிந்தால் சளியைவிடப் பெரிய துன்பம்.

மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி. இதைத் தொடாமல் நம் ஊரில் வீட்டு மருந்து பற்றிப் பேச முடியாது. காமாலை ஒரு நோயே இல்லை, ஈரல் பக்கம் ஏதோ தவறு நடக்கிறது என்பதற்கான அடையாளம். அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் குடித்த இலைக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. ஆனால் பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும், பி வகைக் கிருமியாலும் ஆகும். வயலிலும் ரப்பர் தோட்டத்திலும் ஈரத்தில் காலை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தாலும் ஆகும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண், அப்புறம் மஞ்சள் என்ற வரிசையில் வந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. தொடக்கத்திலேயே பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் சரியாகும், விட்டால் கிட்னியும் ஈரலும் சேர்ந்து போகும். கீழாநெல்லி குடிக்க வேண்டும் என்று தோன்றினால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்து எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடைக்கரையில் கண்ட செடியை எல்லாம் பிடுங்கி வராமலும் இருக்க வேண்டும். பார்வைக்கு அதேபோல் இருக்கும் களைகள் பல.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் "சீனி போடல, கருப்பட்டிதான்" என்று சுக்குக் காப்பியை ஒரு நாளைக்கு மூன்று முறை குடிப்பது நம் மாவட்டத்துக்கே உரிய ஏமாற்று. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், சுக்கு அதை மன்னிக்காது. முருங்கையிலைத் துவரனை இரும்புச் சத்துக்கென்று சாப்பிட்டு, கை கழுவியவுடன் கட்டன் சாயா குடித்தால் சாயா அந்தச் சத்தில் பாதி வேலையைக் கெடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம், சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இன்னும் நல்லது. பல்வலிக்குக் கிராம்பு வைத்தால் மரத்துப்போகும், வலி நிற்கும். மாறாமலையில் விளையும் நம் கன்னியாகுமரி கிராம்பு 2021இல் புவிசார் குறியீடு வாங்கியது, வீரியத்துக்குக் குறைவில்லை. ஆனால் சொத்தை அங்கேயேதான் இருக்கும். கிராம்பு எண்ணெயை நேரடியாக ஊற்றினால் ஈறும் வெந்துபோகும்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்குப் பெரிதாகத் தெரியும் தவறு டாக்டர் முன்னால் உட்காரும்போது நடப்பது. அம்மாவைச் சர்க்கரைக்குக் காட்டக் கூட்டிப்போயிருந்தேன். இரண்டு முறை காலையில் தலைசுற்றி வியர்த்திருந்தது, சர்க்கரை இறங்கியிருந்தது. "வேறே ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றார் அம்மா. தினமும் காலையில் ஊறவைத்த வெந்தயம் ஒரு கைப்பிடி, சாயங்காலம் பாகற்காய்ச் சாறு என்பதெல்லாம் வீட்டுக்கு வந்தபின்தான் வெளியே வந்தது. பொய் சொல்லவில்லை அவர். அவர் கணக்கில் அது மருந்தே கிடையாது. வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் என்பது உண்மை, மாத்திரையும் குறைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் குறைத்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அடுத்த முறை போகும்போது ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன்: வெந்தயம் ஒரு கைப்பிடி, பாகற்காய்ச் சாறு அரைத் தம்ளர், மூன்று மாதமாக. டாக்டர் திட்டவில்லை. சாற்றை நிறுத்தச் சொல்லி, வெந்தயத்தை ஒரு ஸ்பூனாக்கி, மாத்திரை அளவையும் மாற்றி எழுதினார். ஆங்கில மருத்துவரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே கேட்கலாம். எங்கே போனாலும் அந்தத் துண்டுத் தாள் பையில் இருக்கட்டும். அம்மா இப்போது அதில் சுக்குக் காப்பியையும் சேர்த்திருக்கிறார், கருப்பட்டியை மட்டும் இன்னும் எழுதவில்லை.