புதிய கைபேசிக்கு மாறும்போது பழையதை உடனே அழிக்காதீர்கள்

புதிய கைபேசி வாங்கிய அன்றிரவே பழையதை முழுவதுமாக அழித்து, மறுநாள் காலையில் வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்துவிடுவதைச் சுறுசுறுப்பு என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை அப்படிச் செய்த மறுநாள், அலுவலக மின்னஞ்சலுக்குள் நுழைய ஆறு இலக்கக் குறியீடு ஒன்றைக் கேட்டது. அந்தக் குறியீட்டை உருவாக்கும் செயலி புதிய கைபேசிக்கும் வந்திருந்தது. ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கணக்குகூட இல்லை. படங்கள், தொடர்பு எண்கள், அலாரங்கள் எல்லாம் வந்திருந்தன, செயலிகளின் சின்னங்கள்கூடப் பழைய வரிசையிலேயே அடுக்கப்பட்டிருந்தன என்பதால், எதுவும் விடுபடவில்லை என்று நம்பிவிட்டேன். அந்தக் கணக்கைத் திரும்பப் பெறப் பதினொரு நாட்கள் ஆயின.

அதன் பிறகுதான் புரிந்தது: கைபேசியில் இருப்பவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. படம், பாட்டு, ஆவணம் போன்றவற்றை நகலெடுத்தால் நகல் கிடைத்துவிடும். வங்கிச் செயலியின் பதிவு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான (கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கப்படும் குறியீட்டுக்கான) சாவி, விரல்ரேகை போன்றவை அந்தக் குறிப்பிட்ட கருவியோடு பிணைக்கப்பட்டவை. இவற்றில் பலவற்றின் இரகசியச் சாவிகள் வெளியே எடுக்க முடியாதபடி கருவியின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வைக்கப்பட்டிருப்பதால், தரவுகளை இடம்மாற்றும் செயலி எவ்வளவு நல்லதானாலும் அவற்றைக் கொண்டுவர முடியாது. அது குறைபாடு அல்ல. திருடன் ஒருவன் உங்கள் காப்புப் பிரதியைக் கைப்பற்றினாலும் வங்கிக் கணக்கைத் திறக்க முடியாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஆகவே நான் இப்போது பின்பற்றும் முறையில் இரண்டு கைபேசிகளும் குறைந்தது இரண்டு வாரம் சேர்ந்தே இருக்கும்.

பழைய கைபேசியில் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பழைய கைபேசியில் உள்ள செயலிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: இதே செயலியை வேறொரு கருவியில் திறந்து, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் என் விவரங்கள் அங்கே தெரியுமா? தெரியும் என்றால் அதைத் தாண்டிப் போகலாம். தெரியாது என்றாலோ, ஐயம் இருந்தாலோ பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். என் தாளில் ஒவ்வொரு முறையும் இடம்பெறுபவை குரல்பதிவுச் செயலி, கணக்கு எதுவும் கேட்காத எளிய குறிப்பேட்டுச் செயலி, பதிவிறக்கக் கோப்புறை ஆகியவைதான். இணையத்தோடு தொடர்பே இல்லாமல் அமைதியாக வேலை செய்யும் செயலிகள் மீது நமக்குப் பிரியம் அதிகம். இடம் மாறும்போது முதலில் கைவிடப்படுபவையும் அவையே.

படங்கள் தாமாகவே மேகச் சேமிப்புக்கு, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு, போய்க்கொண்டிருக்கின்றன என்ற நம்பிக்கையையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். கூகுள் ஃபோட்டோஸில் காப்புப் பிரதியை இயக்கியிருந்தாலும், கேமரா கோப்புறையைத் தவிர மற்றவற்றை, அதாவது திரைப்பிடிப்புகள், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், பிற செயலிகள் சேமித்தவை போன்றவற்றை, நாம் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் அவை மேலே போகும். இடம் தீர்ந்துபோனாலும் காப்புப் பிரதி நின்றுவிடும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை மின்னஞ்சல், டிரைவ், படங்கள் ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆப்பிளின் மேகச் சேமிப்பான ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. எனவே கடைசியாகக் காப்புப் பிரதி எடுக்கப்பட்ட நாள் எது என்பதை அமைப்புகளுக்குள் சென்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐபோனிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அமைப்புகளில் புதிய ஐபோனுக்குத் தயாராகும் பகுதிக்குச் சென்றால், கட்டணச் சந்தா இல்லாதவர்களுக்கும் முழுக் காப்புப் பிரதிக்குத் தேவையான இடத்தை ஆப்பிள் தற்காலிகமாக மூன்று வாரங்களுக்குத் தருகிறது.

தொடர்பு எண்கள் எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்பது பலருக்கும் தெரியாது. சில சிம் அட்டையிலும், சில கைபேசியின் நினைவகத்திலும், சில மின்னஞ்சல் கணக்கிலும் சிதறிக் கிடக்கும். தொடர்புகள் செயலியின் அமைப்பில் ஏற்றுமதி என்னும் தெரிவைப் பயன்படுத்தி எல்லாவற்றையும் ஒரே விகார்டு (தொடர்பு விவரங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பாக மாற்றி, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டால் இந்தக் கவலை ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

சரிபார்ப்புக் குறியீடுகள்

அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான்; நான் அடிபட்டதும் இங்கேதான். முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் குறியீடு எங்கிருந்தோ கைபேசிக்கு அனுப்பப்படுவதில்லை. முதன்முதலில் கியூஆர் குறியை நாம் படம்பிடித்தபோது ஓர் இரகசியச் சாவி செயலிக்குள் வந்து தங்கிவிட்டது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுச் செயலி ஓர் எண்ணைத் தருகிறது, மறுமுனையில் இருக்கும் சேவையும் அதே கணக்கைச் செய்து இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. இணையம் இல்லாத இடத்திலும் குறியீடு கிடைப்பதற்குக் காரணம் இதுவே. கைபேசியின் கடிகாரம் தவறாக இருந்தால் குறியீடு ஏற்கப்படாமல் போவதற்கும், சாவி அழிந்தால் சிம் அட்டை கையில் இருந்தும் பயனில்லாமல் போவதற்கும் காரணம் இதுவே.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் செயலியில் கணக்குகளை இடம்மாற்றும் தெரிவு இருக்கிறது. பழைய கைபேசி ஒரு கியூஆர் குறியைக் காட்ட, புதியது அதைப் படம்பிடித்துக்கொள்ளும். 2023 ஏப்ரல் முதல் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதியும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கினால் கைபேசி தொலைந்தாலும் குறியீடுகள் தொலையாது. ஆனால் அந்த ஒரு கணக்கு பிறர் கைக்குப் போனால் மற்றவற்றின் குறியீடுகளும் சேர்ந்தே போகும். முக்கியமான கணக்குகளுக்கு நான் ஒத்திசைவை நம்பாமல், செயலி கையில் இல்லாதபோது பயன்படும் காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைக்கிறேன். கூகுள் தருவது எட்டு இலக்கங்கள் கொண்ட பத்துக் குறியீடுகள். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும். அவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்து அதே கைபேசியில் வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பூட்டின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போன்றது.

இடம்மாற்றியதும் சும்மா இருந்துவிடாமல், கணினியில் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் வெளியேறி, புதிய கைபேசி காட்டும் குறியீட்டைக் கொண்டு மறுபடி நுழைந்து பாருங்கள். ஒரே கணக்கில் தவறு இருந்தாலும் பழைய கைபேசி பக்கத்திலேயே இருப்பதால் திருத்திக்கொள்ளலாம்.

வங்கிச் செயலிகளை நகலெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. புதிய கைபேசியில் புதிதாகத்தான் பதிவுசெய்ய வேண்டும். பதிவுக்கான குறுஞ்செய்தி வர வேண்டும் என்பதால் சிம் அட்டையைப் புதியதற்கு மாற்றிய பிறகே இதைத் தொடங்குங்கள். வங்கியின் உதவி எண் வேலை செய்யும் நேரமாகப் பார்த்துத் தொடங்குவது இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை இரவில் தொடங்கித் திங்கட்கிழமை வரை பணம் செலுத்த முடியாமல் தவித்த அனுபவம் எனக்கு உண்டு.

வாட்ஸ்அப்பும் பிற உரையாடல்களும்

வாட்ஸ்அப்பில் முக்கியமானது வரிசை. புதிய கைபேசியில் உங்கள் எண்ணைக் கொடுத்துப் பதிவுசெய்ததும் பழையதில் இருக்கும் செயலி வெளியேற்றப்பட்டுவிடும். ஆகவே அதற்கு முன்பே காப்புப் பிரதியையோ நேரடி மாற்றத்தையோ முடித்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ ஐபோனிலிருந்து ஐபோனுக்கோ போகிறீர்கள் என்றால், 2023இல் வந்த நேரடி மாற்ற வசதி போதும்: இரண்டையும் அருகருகே வைத்து, உரையாடல்களை மாற்றும் தெரிவைத் திறந்து, கியூஆர் குறியைப் படம்பிடித்தால் மேகச் சேமிப்பின் துணையில்லாமலேயே எல்லாம் இடம்மாறிவிடும்.

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் இடையே மாறுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் காப்புப் பிரதி கூகுள் கணக்கிலும் ஐபோனின் காப்புப் பிரதி ஐகிளவுடிலும் சேமிக்கப்படுவதால், ஒன்றில் எடுத்ததை மற்றொன்றில் மீட்க முடியாது. இரண்டு கருவிகளும் கையில் இருக்கும்போதே அதற்கென உள்ள மாற்றும் வழியில்தான் செய்ய வேண்டும். பழையதை அழித்த பிறகு வழி இல்லை. முனைக்கு முனை மறையாக்கம் செய்த (உங்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய) காப்புப் பிரதியை நீங்கள் இயக்கியிருந்தால், அதன் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மறந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்துதர முடியாது.

டெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் அதன் சேவையகத்தில் இருப்பதால் எந்தக் கவலையும் இல்லை. இரகசிய உரையாடல்கள் மட்டும் அந்தக் கருவியோடு முடிந்துவிடும். ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்கள் சிம் அட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் உங்களைத் தேடிப் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

மாற்றும் நாள்

இரண்டையும் முழுவதுமாகச் சார்ஜ் செய்து, ஒரே வைஃபையில் இணைத்து, முடிந்தால் கம்பி வழியாகவே மாற்றுங்கள். படங்கள் அதிகம் இருந்தால் கம்பி மிகுந்த நேரத்தை மிச்சப்படுத்தும். புதிய கைபேசியை முதன்முதலாக இயக்கும்போது பழையதிலிருந்து தரவுகளைக் கொண்டுவரலாமா என்று கேட்கும் திரையை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். முழுமையான மாற்றம் பெரும்பாலும் அந்தத் தொடக்க நிலையில்தான் எளிதாக நடக்கும்; தவறவிட்டால் புதியதையே அழித்து மறுபடி தொடங்க வேண்டிய நிலை வரலாம்.

அட்டை வடிவச் சிம்மைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியப்படும் இசிம் அப்படியல்ல. புதிய கருவியில் இணைப்பு வந்து, ஓர் அழைப்பைச் செய்து பார்த்து, ஒரு குறுஞ்செய்தியையும் பெற்றுப் பார்க்கும் வரை பழையதில் உள்ள இசிம்மை நீக்கவே கூடாது. நீக்கிவிட்டால் மீண்டும் பெறுவதற்குச் சேவை நிறுவனத்தையே அணுக வேண்டிவரும். அடையாளத்தைச் சரிபார்க்க அவர்கள் அனுப்பும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்கே வரும் என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. கைக்கடிகாரம் இருந்தால் முறைப்படி பழைய கைபேசியிலிருந்து பிரித்துவிட்டுப் புதியதில் இணையுங்கள். ஆப்பிள் கடிகாரம் பிரிக்கப்படும்போது தன் காப்புப் பிரதியைத் தானே எடுத்துவைத்துக்கொள்ளும். காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு எந்தச் சடங்கும் வேண்டாம்.

இரண்டு வாரக் காத்திருப்பும் அழிப்பும்

சிம் இல்லாத பழைய கைபேசியை வைஃபையில் மட்டும் வைத்து, எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். எதற்காவது அதை எடுக்க நேர்ந்தால் காரணத்தைத் தாளில் எழுதுங்கள். சென்ற முறை முதல் வாரத்தில் நான்கு முறை எடுத்தேன்: இரண்டு குரல்பதிவுகள், ஒரு கோப்பு, அலைபேசித் திரையில் மட்டுமே எழுதி வைத்திருந்த ஒரு வைஃபை கடவுச்சொல். இரண்டாம் வாரம் ஒருமுறைதான். அதற்கு மேலும் தயக்கம் இருந்தால் இன்னும் ஒரு மாதம் வைத்திருப்பதில் தவறில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் செயலிகளும் இருக்கின்றனவே.

அழிக்கும்போது செய்ய வேண்டிய முதல் வேலை அழிப்பது அல்ல, கணக்கிலிருந்து வெளியேறுவது. ஐபோனில் 2013இல் ஐஓஎஸ் 7 வழியாகவும், ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த 5.1 பதிப்பு வழியாகவும் திருட்டுத் தடுப்புப் பூட்டுகள் அறிமுகமாயின. கணக்கை நீக்காமல் குறுக்கு வழியில் அழித்தால், அடுத்து இயக்குபவரிடம் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அந்தக் கருவி நின்றுவிடும். ஐபோனில் தொலைந்த கருவியைத் தேட உதவும் ஃபைண்ட் மை வசதியை நிறுத்தி ஐகிளவுடிலிருந்து வெளியேறுங்கள். ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் உள்ள கூகுள் கணக்கையும், தயாரிப்பு நிறுவனத்தின் கணக்கு இருந்தால் அதையும் நீக்குங்கள். *#06# என்று அழுத்தினால் தெரியும் ஐஎம்இஐ எண்ணை (கருவியின் தனி அடையாள எண்ணை) குறித்துவைத்துக்கொள்வதும், மெமரி கார்டைக் கழற்றிவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். பிறகு அமைப்புகளின் வழியாகவே முழு அழிப்பைத் தொடங்குங்கள். இசிம்மையும் அழிக்கலாமா என்று கேட்டால், உங்கள் எண் புதியதில் இயங்குகிறது என்பதால் இப்போது தயங்க வேண்டியதில்லை.

அழித்தவற்றை யாராவது மீட்டெடுத்துவிடுவார்களோ என்று அஞ்சிப் பெரிய காணொளிகளால் நினைவகத்தை நிரப்பி, மறுபடியும் அழிப்பவர்கள் உண்டு. இப்போதைய கைபேசிகளில் தரவுகள் மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. முழு அழிப்பின்போது மறைவிலக்கும் சாவியே அழிந்துவிடுவதால் மிஞ்சுவது பொருளற்ற குவியல்தான். மிகப் பழைய கருவி என்றால் மட்டும், அழிப்பதற்கு முன் மறையாக்கம் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாதுகாப்பு அமைப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

யாருக்கும் கொடுக்காமல் மேசைக்குள் வைக்கப்போகிறீர்கள் என்றால், மின்கலத்தைப் பாதியளவு சார்ஜில் வைத்து அணைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து மறுபடி பாதிக்குக் கொண்டுவாருங்கள். பின்புற மூடி உப்பியிருந்தால் அழுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பிறருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அழித்த பின் ஒருமுறை இயக்கி, வைஃபையில் இணைத்து, அடுத்த திரை வரை சென்று பாருங்கள். பழைய கணக்கின் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல் கேட்டால் பூட்டு இன்னும் விலகவில்லை. புதிய பயனருக்கான கேள்விகளே வந்தால், அங்கேயே அணைத்து, சார்ஜரோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.