தார்ப் பாலைவனத்துக்கு நாயோடு கிளம்புகிறீர்களா? பின் சீட்டிலிருந்து சில கண்டனங்கள்

என் பெயர் செவலை. சிப்பிப்பாறை இன நாய். பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். அப்பாவுக்கு ஜோத்பூருக்கு மாற்றல் வந்ததிலிருந்து ராஜஸ்தான் வாசம். டிசம்பர் லீவு விட்டால் போதும், பாட்டி, சின்னவன் என்று மொத்தக் குடும்பமும் காரில் ஏறிவிடும். பொக்ரான் வழியாக ஜெய்சால்மர் ஏறத்தாழ 280 கிலோமீட்டர், அங்கிருந்து சாம் மணல்மேடுகள் இன்னொரு 40. இந்த ரோட்டில் நாயோடு போகிறவர்கள் எல்லாரும் மணல்மேட்டை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எங்களுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் மணலில் இல்லை. வண்டி நிற்கிற இடங்களில்.

முதலில் அந்தப் பழைய வசனம்: "குளிர்காலம்தானே, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டுட்டுப் போவோம். கோட்டையைப் பார்த்துட்டு ஓடி வந்துடலாம்." வெளியே 24 டிகிரி இருந்தால், வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் 34 ஆகும். அரை மணியில் 43. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. ஜெய்சால்மரில் டிசம்பர் மத்தியானம் ஏறக்குறைய அந்த 24 டிகிரிதான். உங்களுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். எனக்கு நாக்கும் மூச்சும்தான் வழி. இரைக்க இரைக்க ஈரம் ஆவியாகிச் சூடு இறங்கும். மூடிய காரில் என் மூச்சின் ஈரமே காற்றில் நிறைந்துவிட்டால் எவ்வளவு இரைத்தும் பயனில்லை. பக் மாதிரி சப்பை மூக்குக்காரர்கள் இன்னும் சீக்கிரம் விழுந்துவிடுவார்கள்.

அதனால் கோட்டைக்குள் யார் போவது, நாயோடு வெளியே யார் இருப்பது என்று வீட்டிலேயே முறை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது பாட்டி. முட்டிவலி என்பார். டீக்கடை நிழல்தான் உண்மையான காரணம் என்பது என் கணிப்பு.

நாய் சூட்டில் தள்ளாடினால், எச்சில் கெட்டியாக வழிந்தால், வாந்தி எடுத்தால், அடுத்து செய்கிற தவறுகள்தான் உயிரை எடுக்கும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடுவார்கள். சற்று நேரத்தில் அந்தத் துண்டே சூட்டை உள்ளே பிடித்து வைத்துவிடும். காய்ச்சல் மாத்திரை கொடுப்பார்கள். இது காய்ச்சலே இல்லை, அந்த மாத்திரை எங்களுக்கு ஆகவும் ஆகாது. சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், விசிறுங்கள், ஏசியைப் போடுங்கள். குளிர்விக்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரைத் தேடி ஓட்ட வேண்டும். ராஜஸ்தானில் ஊருக்கு ஊர் 'பசு சிகித்ஸாலய்' என்று இந்தியில் போர்டு இருக்கும். அரசு கால்நடை மருத்துவமனை. ஆடு, மாடு, ஒட்டகத்துக்கென்றே நடப்பது போல இருந்தாலும் கதவைத் தட்டத் தயங்காதீர்கள்.

அடுத்தது தார் ரோடு. காற்று 25 டிகிரியாக இருக்கும்போதே வெயில் பட்ட தார் 50 டிகிரியைத் தாண்டும். நீங்கள் செருப்போடு இறங்குகிறீர்கள், நான் வெறுங்காலோடு. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் என்னாலும் முடியாது. மணலிலும் ஒரு தொல்லை உண்டு: பருட் என்கிற புல்லின் முள்காய். விரலிடுக்கில் ஏறிக்கொண்டால் நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடுவோம். காரில் ஏற்றும் முன் நான்கு காலையும் பிரித்துப் பாருங்கள், சின்னவன் பொறுமையாகச் செய்கிற ஒரே வேலை அது.

இப்போது என் இனத்தின் மேலேயே ஒரு புகார். சாம் போனதும் "பாவம், நல்லா ஓடட்டும்" என்று கயிற்றை அவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கண்ணால் பார்த்து முயலைத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவர்கள். தூரத்தில் ஒரு சிங்காரா மான் அசைந்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். அந்தப் பக்கமெல்லாம் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்த பாலைவனத் தேசியப் பூங்கா. நாட்டில் 150-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் கானமயில் என்கிற பெரிய தரைப்பறவை அங்கேதான் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. நாய்கள் அதற்கு எமன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி துரத்துவதும் வேட்டைதான். சட்டத்தை விடுங்கள், வழியில் மானையும் மரத்தையும் உயிராய்க் காக்கும் பிஷ்னோய் மக்களின் ஊர்கள் உண்டு. 1730-இல் கேஜர்லியில் வன்னி மரங்களைக் காக்க 363 பேர் உயிரைக் கொடுத்த சமூகம். அவர்கள் எதிரே மானைத் துரத்திய நாயின் சொந்தக்காரராக நிற்க எனக்கே மனம் வராது.

கழுத்துப் பட்டையை நம்பாதீர்கள். எங்கள் தலை ஒடுக்கம், பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்குங்கள். காருக்குள் சீட் பெல்ட்டோடு மாட்டவும் அதுதான் வசதி.

தின்பண்டம் பற்றி எனக்கு விருப்பமில்லாமல் சொல்கிறேன். ஜோத்பூரின் பியாஸ் கச்சோரி மணத்துக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். ஆனால் அதற்குள் இருப்பது வெங்காயம், அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்தாலும் அந்த விஷம் போகாது. உலர்திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது. சின்னவனின் கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீரும் வீட்டிலிருந்தே வரட்டும். பல ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு.

மே மாதத்தில் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். இதே வட்டாரத்துப் பலோதியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. டிசம்பரிலோ கூடாரத்தில் ராத்திரிக் குளிர் எலும்பைத் தொடும். முடியும் கொழுப்பும் குறைந்த எங்களை வெளியே கட்டிப் போடுவது தவறு. அம்மா எனக்கு ஒரு பழைய ஸ்வெட்டர் போட்டுவிடுவார். தாபா நாய்கள் பார்த்துச் சிரிக்கின்றன. அவற்றுக்கு அடர்ந்த முடி இருக்கிறது, சிரிக்கட்டும்.