மஞ்சள் அட்டையில் இனிஷியல் சிக்கல்

உகாண்டாவுக்கு சபையின் மருத்துவ முகாமில் ஊழியம் செய்யக் கிளம்புபவர்களுக்கு விசாவைவிட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டைதான் தலைவலி. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் செல்லும். பக்கத்துக் கிளினிக் சீட்டு எடுபடாது. ஊசி போட்ட 10 நாள் கழித்து அமலுக்கு வரும், பிறகு ஆயுளுக்கும் போதும்.

என் அட்டையில் பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக. பேனாவால் திருத்திவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள்: அடித்தல் திருத்தல் இருந்தால் அட்டையே செல்லாமல் போகலாம். பாஸ்போர்ட்டோடு அதே மையத்துக்குப் போய், பழைய ஊசித் தேதி, பேட்ச் எண், கையெழுத்து, முத்திரையோடு புது அட்டை வாங்கினேன்.

எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசியும் பாக்கி என்றால் இரண்டையும் ஒரே நாளில் போடலாம். தவறினால் 4 வாரம் இடைவெளி வேண்டும். முட்டை அலர்ஜியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.