காட்டில் சும்மா உட்காருவது எப்படி

மலையேறிவிட்டு வருகிறவர்களைக் கேட்டால் முதலில் எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்றுதான் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அது உடற்பயிற்சிக் கணக்கு, அதை மொட்டைமாடியிலும் சுற்றி முடித்துவிடலாம். மனசு லேசாக வேண்டும், தூக்கம் நன்றாக வர வேண்டும் என்று காட்டுக்குப் போகிறீர்கள் என்றால் நடையைக் குறையுங்கள்.

ஜப்பானில் வனத்துறையே 1982-ல் 'ஷின்ரின்-யோகு' என்ற பெயரில், அதாவது காட்டுக் குளியல் என்று, மக்களைக் காடுகளுக்கு வரச் சொல்லி அழைத்தது. அதன்பின் அங்கே 24 காடுகளில் சோதனை செய்து பார்த்தார்கள். ஒரு குழு காட்டில், ஒரு குழு நகரத்தில், கால் மணி நேரம் போல நடை, கால் மணி நேரம் போல உட்கார்ந்து வெறும் பார்வை, அவ்வளவுதான். காட்டில் இருந்தவர்களுக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் நகரத்தில் இருந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. உட்கார்ந்து பார்த்தபோதும் இது தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். முட்டிவலி உள்ள அம்மாவையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம்.

இன்னொரு ஆய்வும் அடிக்கடி பகிரப்படுகிறது. டோக்கியோவைச் சேர்ந்த 12 ஆண்கள் மூன்று நாள் காட்டில் தங்கியபின் அவர்கள் ரத்தத்தில் நோய் எதிர்ப்புக்கான ஒருவகை வெள்ளணுக்களின் செயல்பாடு கூடியிருந்தது. மரங்கள் வெளிவிடும் பைனீன், லிமோனீன் போன்ற வாசனைப் பொருட்களுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்கிறார்கள். சரி, ஆனால் 12 பேர்தான். இதை வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனால் புற்றுநோய் வராது என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பி, சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம்? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டு 2019-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் இருப்பவர்கள்தான் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரமா, பிரித்துப் பிரித்தா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இதில் உண்டு, இருந்தாலும் தொடங்குவதற்கு நல்ல அளவு. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை கொடைக்கானல் போவதைவிட, வீட்டுப் பக்கத்தில் மரம் அடர்ந்த இடம் ஒன்றைப் பிடித்து வாராவாரம் போவது மேல். மதுரைக்காரர்களுக்கு அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலை போகும் மலைப்பாதை இருக்கிறது (கையில் பை இருந்தால் குரங்குகள் விடாது, வெறுங்கையோடு போங்கள்). சென்னையில் கிண்டி சிறுவர் பூங்கா மரத்தடியே போதும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோயில் காடுகள் நிறைய உண்டு. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், ஒரு குச்சியைக்கூட எடுத்து வராதீர்கள், அங்கே அதுதான் முறை.

காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். நம் ஊரில் பத்து மணிக்கு மேல் வியர்வையைத் துடைக்கத்தான் நேரம் இருக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள், முழுப் பட்டினியாகவும் போகாதீர்கள். போனை அணைத்துப் பையில் போடுங்கள். அப்புறம் மெதுவாக, நின்று நின்று கொஞ்ச தூரம் நடந்து, சுற்றியும் கீழேயும் நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு பாறையிலோ வேரிலோ உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும், வீட்டுக் கடன் தவணை ஞாபகம் வரும், ஆபீசில் யாரோ சொன்னது ஞாபகம் வரும், வந்துவிட்டுப் போகட்டும், தியானம் மாதிரி அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நீங்கள் வந்ததும் அடங்கிப்போன சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். முதலில் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறும், அப்புறம் கொண்டைக்குருவி, அதிர்ஷ்டம் இருந்தால் மாங்குயில். எந்தச் சத்தம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருங்கள், கண் வலித்தால் மூடிக்கொள்ளுங்கள். இருபது முப்பது நிமிடம் இப்படி இருந்தால் முதல் தடவைக்குப் போதும். கூட ஆள் வந்தால் திரும்பும்போது பேசிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரோடு வருகிற நண்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பெரிய காட்டுக்குத்தான் போவேன் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள், அது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அரசே வழிகாட்டியோடு 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவில் திறந்துவிட்டிருக்கிறது, கோடையில் தீ அபாயம் இருக்கும்போது மூடிவிடுவார்கள். யானை நடமாடும் நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் தனியாக உட்காரும் ஆசையே வேண்டாம்.

மழைக்காலத்தில் சோலைக்காட்டில் அட்டை ஏறும், அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, நகத்தால் தள்ளிவிட்டுச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கவனிக்க வேண்டியது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிப் பூச்சி, புதர்களிலும் புல்லிலும் இருக்கும், அது கடித்தால்தான் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. முழுக்கால் சட்டை போட்டு, காலுறைக்குள் அதைச் செருகிக்கொள்ளுங்கள், புல்தரையில் அப்படியே படுக்காதீர்கள், வீடு வந்ததும் குளித்துத் துணியைத் துவைக்கப் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குள், இடுப்பு மடிப்புகளில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கருத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். புண் இல்லாவிட்டாலும் காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கே பெரும்பாலும் கேட்டுவிடும்.