பழைய கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது, இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட, மற்றபடி நல்ல நிலையில் உள்ள கணினிகளுக்கான வழிகாட்டி இது. லினக்ஸ், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்; அதில் பல வகைகள் உண்டு. எந்த லினக்ஸ் என்று அலைய வேண்டாம். முதன்முறை என்றால் லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் கொண்ட பதிப்பு போதும். தோற்றம் விண்டோஸுக்கு நெருக்கம், ரேமும் குறைவாகவே எடுக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

கணினி தாங்குமா?

விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். 'சிஸ்டம் டைப்' எக்ஸ்64 என்று இருக்க வேண்டும். 32 பிட் செயலி என்றால் இந்த வழி உதவாது. மின்ட் தன் 20ஆம் பதிப்பிலேயே 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. பயாஸ் என்பது கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல். 'பயாஸ் மோட்' என்ற வரியில் அது லெகஸியா (பழைய வகை), யூஇஎஃப்ஐயா (புதிய வகை) என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மின்ட் கேட்கும் குறைந்தபட்ச ரேம் 2 ஜிபி. அதில் நிறுவலாம், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும். 4 ஜிபி இருந்தால் அன்றாட வேலைக்குச் சரி. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ரேமுக்கு முன் ஹார்ட் டிஸ்க்கை மாற்றுங்கள். பழைய லேப்டாப்பில் சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுவதுதான் கண்ணுக்குத் தெரியும் வேகத்தைத் தரும். இன்னொரு நன்மை: கழற்றிய டிஸ்க்கில் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே பத்திரமாக இருக்கும்.

விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் எதையாவது நம்பித் தொழில் நடக்கிறதா என்பதையும் இப்போதே யோசியுங்கள். போட்டோஷாப், சில கணக்கு மென்பொருள்கள் லினக்ஸுக்கு வருவதில்லை. பிரிண்டரில் எச்பி பெரும்பாலும் தொல்லை தராது; கேனனின் பழைய சிஏபிடி வகை லேசர் பிரிண்டர்கள் பாடாய்ப் படுத்தும்.

பேக்கப்: அவசரப்படக் கூடாத இடம்

'சி டிரைவ்தானே அழியும், போட்டோவெல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது' என்ற எண்ணத்தில்தான் பலர் கோப்புகளை இழக்கிறார்கள். சி, டி, இ எல்லாம் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள், அதாவது பிரிவுகள். நிறுவும்போது 'எரேஸ் டிஸ்க்' கொடுத்தால் மூன்றும் சேர்ந்தே போகும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். அது எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபியைத் தொடும் வீடியோக்கள் ஏறாது, எக்ஸ்ஃபேட் நல்லது. ஒன்டிரைவ் கோப்புறையில் மேகச் சின்னத்தோடு தெரியும் கோப்புகள் உங்கள் டிஸ்க்கில் இல்லை, முதலில் பதிவிறக்குங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரவுசர் கடவுச்சொற்கள் ஆகியவற்றை மறந்துவிடுவது வழக்கம். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே பேக்கப் முடிந்ததாகக் கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள். பயாஸில் எதையாவது மாற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் அதைக் கேட்கக்கூடும்.

பென்டிரைவ் தயாரிப்பு

மின்ட் தளத்திலிருந்து எக்ஸ்எஃப்சிஇ ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் வட்டின் நகல்) இறக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும், அதிலுள்ளது எல்லாம் அழியும். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் நிரலைத் திறந்து ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும், பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்தினால் கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா எனச் சரிபார்க்கும் எஸ்ஹெச்ஏ256 எண் வரும். மின்ட் தளத்தில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு, பாதி நிறுவலில் புரியாத பிழை வந்து மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

பார்ட்டிஷன் ஸ்கீமில் எம்பிஆர், டார்கெட்டில் 'பயாஸ் ஆர் யூஇஎஃப்ஐ' வையுங்கள். பழைய கணினி எந்த வகையானாலும் எழும்பும். 'ஐஎஸ்ஓ மோட்' கேட்டால் அதையே கொடுங்கள். பூட் ஆகவில்லை என்றால் மட்டும் 'டிடி மோட்'டில் மறுபடி எழுதுங்கள்.

பூட் செய்து, முதலில் சோதியுங்கள்

கணினியை ரீஸ்டார்ட் செய்து, லோகோ வரும்போதே பூட் மெனு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, பல ஏசஸ் லேப்டாப்களில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸில் எஃப்12 பூட் மெனுவை முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். பட்டியலில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், முன்பு குறித்த பயாஸ் மோடுக்குப் பொருந்துவதையே எடுங்கள். மாற்றி எடுத்து நிறுவினால், எல்லாம் முடிந்த பிறகு 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று நிற்கும்.

'ஷிம் எஸ்பாட்' என்ற சொற்களோடு பிழை வந்து கணினி அணைந்தால், பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகரித்த இயங்குதளத்தை மட்டும் எழும்ப விடும் அமைப்பு) ஆஃப் செய்யுங்கள். திரை கறுத்துப்போய் நின்றால் தொடக்க மெனுவில் 'காம்பாட்டிபிலிட்டி மோட்' எடுங்கள். பழைய என்விடியா கார்டுகளில் இது அடிக்கடி தேவைப்படும்.

இப்போது திறப்பது லைவ் மின்ட், அதாவது நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் மின்ட். டிஸ்க்கில் இதுவரை எதுவும் மாறவில்லை. வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என எல்லாவற்றையும் இங்கேயே பாருங்கள். வேகத்தை மட்டும் எடைபோடாதீர்கள், பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மந்தமாகத்தான் இருக்கும். பிராட்காம் வைஃபை சிப் லைவில் வேலை செய்யாமல் போகலாம். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) ஆன் செய்தால் இணையம் கிடைத்துவிடும்.

நிறுவுதல்

பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். அது செருகியிருந்தால் தவறுதலாக அதையே அழித்துவிட வாய்ப்புண்டு. பிறகு டெஸ்க்டாப்பில் உள்ள 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' ஐகானை இரட்டைக் கிளிக் செய்து மொழி, கீபோர்டு தேர்ந்தெடுங்கள். பாட்டு, வீடியோ ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக்ஸ் பெட்டியில் டிக் போடுங்கள். அடுத்து 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்'. டிஸ்க்கின் பெயரையும் அளவையும் படித்துவிட்டு அழுத்துங்கள், அதற்குப் பின் திரும்ப முடியாது. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நிறுவியின் பட்டியலில் டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸில் டிஸ்க் இணைப்பு முறையைக் குறிக்கும் சாட்டா மோட், ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கலாம், ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ளலாமா என்றால், 128 ஜிபி டிஸ்க்கில் வேண்டாம், இரண்டுக்குமே இடம் போதாது. பெரிய டிஸ்க் என்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே இடத்தைக் குறையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் செய்யுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அதன் பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும்.

முதல் நாள் வேலைகள்

அப்டேட் மேனேஜரில் எல்லா அப்டேட்டையும் போடுங்கள். டிரைவர் மேனேஜர் பிராட்காம், என்விடியா டிரைவர்களைப் பரிந்துரைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். டைம்ஷிஃப்ட் நிரலில் சிஸ்டத்தின் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வையுங்கள். அடுத்த அப்டேட் எதையாவது கெடுத்தால் பின்னுக்குப் போகலாம். அது சிஸ்டத்துக்குத்தான், உங்கள் போட்டோக்களுக்கான பேக்கப் அல்ல.

தமிழில் தட்டச்சு செய்ய, கீபோர்டு அமைப்புகளின் லேஅவுட் பகுதியில் தமிழ்நெட்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைச் சேர்க்கலாம். ஆங்கில எழுத்துகளை வைத்து ஒலிப்பு முறையில் அடிப்பவர்கள் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு நிரல்கள் இரண்டையும் நிறுவ வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் மின்டின் ஆபிஸ் தொகுப்பான லிப்ரேஆபிஸில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். அந்த எழுத்துருக் கோப்பை விண்டோஸ் பேக்கப்பிலிருந்து எடுத்து இங்கே நிறுவினால் சரியாகிவிடும். அதனால், விண்டோஸை அழிக்கும் முன்பே அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள்.