நியுவே மக்கள்தொகைக் கணக்கைப் படிப்பது எப்படி?

நியுவே என்பது பசிபிக் கடலில் நியூசிலாந்துக்கு வடகிழக்கே உள்ள ஒரு குட்டித் தீவு நாடு. அதைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது ‘மக்கள்தொகை சுமார் 1,700’ என்ற எண்தான். அதை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள், அது பாதிக் கதைகூட இல்லை.

முதலில் அந்த எண் யாரையெல்லாம் சேர்த்தது என்று பாருங்கள். 2017 கணக்கெடுப்பின்போது தீவில் இருந்தவர்கள் 1,719 பேர், ஆனால் அங்கேயே குடியிருப்பவர்களை மட்டும் எண்ணினால் 1,600-க்குக் கொஞ்சம் கீழே வந்துவிடும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து வரும் ஒரே விமானத்தில் நூற்றைம்பது பேர் வந்து இறங்கலாம், அதாவது கிட்டத்தட்ட ஊரில் பத்தில் ஒரு பங்கு! அதனால் இவ்வளவு சிறிய நாட்டில் சதவீதத்தை நம்பாமல் ஆட்களின் எண்ணிக்கையையே பாருங்கள்.

அப்புறம் பழைய கணக்கை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 1966-ல் அங்கே 5,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நியுவே மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள், போய்த் தங்க விசா வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் விமான நிலையமும் வந்ததும் வேலைக்கும் படிப்புக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள், 2004-ல் ஹெட்டா புயல் தலைநகர் அலோஃபியைச் சிதைத்தபிறகு இன்னும் சிலர் போனார்கள்.

எனவே நியூசிலாந்தின் கணக்கெடுப்பையும் கட்டாயம் திறந்து பாருங்கள். 2018-ல் அங்கே நியுவே இனத்தவர் என்று பதிந்தவர்கள் 30,000-க்கும் அதிகம். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: அங்கே ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம், நியுவே என்றும் மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) என்றும் ஒரே ஆள் எழுதலாம், ஆகவே எல்லா இனங்களையும் கூட்டினால் மொத்த மக்கள்தொகையைத் தாண்டிவிடும். அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

தீவுக்குள்ளும் எல்லாரும் நியுவேக்காரர்கள் இல்லை. டோங்கா, சமோவா, பிஜி போன்ற பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவர்கள் உண்டு. தெற்கே வையேயா கிராமத்தில் துவாலு தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறின. மொத்தம் 14 கிராமங்கள்தான், அதனால் கிராமவாரி அட்டவணையை ஒரே மூச்சில் படித்துவிடலாம், தயவுசெய்து படியுங்கள். தீவில் ஆளில்லாத வீடுகள் நிறைய, காரணம் இதுதான்: நிலம் ‘மங்காஃபாவோவா’ என்ற குடும்பக் கூட்டத்துக்குச் சொந்தம், பங்காளிகளில் பெரும்பாலோர் கடல்தாண்டி இருக்கிறார்கள்.

கடைசியாக மொழி பற்றிய கேள்வியைப் பாருங்கள். நியூசிலாந்தில் இருக்கும் நியுவேக்காரர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள், அவர்களில் நியுவே மொழி பேசுவோர் சிறுபான்மைதான். எனக்கு வயிற்றைப் பிசைவது 1,719 என்ற எண் இல்லை, மொழி பற்றிய இந்தக் கணக்குதான்.